சின்னப் பையோடு போன டாக்டர்

ஜன்னலோரமாக நீங்கள் உட்காருங்கக்கா. பழக்கமில்லாதவர்களுக்கு இந்த மலை ரோட்டில் ரெண்டு வளைவு ஏறுவதற்குள் வயிற்றைப் புரட்டிவிடும். எலுமிச்சம்பழம் இருக்கிறது, மோந்து பார்த்துக்கொண்டே வாங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு வந்த டாக்டர்கள் எல்லோரும் முதல் நாள் வாந்தி எடுத்துக்கொண்டுதான் வந்து இறங்கினார்கள்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். அப்படிப் பார்க்காதீங்க. கண்டக்டரிடம் "வேங்கைக்காடு ஆஸ்பத்திரி ஸ்டாப் ஒண்ணு" என்று கேட்டீர்கள் இல்லையா, அப்போதே தெரிந்துவிட்டது. புதிதாகப் போஸ்டிங் ஆகியிருக்கிற டாக்டர் வைஷாலியுடைய அம்மாதானே? பார்த்தீர்களா! மகள் வந்து சேர்வதற்கு முன்னால், இடம் எப்படி, குவார்ட்டர்ஸ் எப்படி என்று பார்த்துப் போக வந்திருக்கிறீர்கள். பெற்றவள் என்றால் அப்படித்தான் வர வேண்டும். நானாக இருந்தாலும் வருவேன்.

என் பெயர் துளசிமணி. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர் வீடு. ரெண்டு எருமை வைத்திருக்கிறேன், டாக்டர் வீட்டுக்குப் பால் என்னிடமிருந்துதான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எங்கள் ஊருக்கு வந்த டாக்டர்களைப் பற்றி என்னைவிட யாருக்கும் தெரியாது. மேலே போனால் ஆளுக்கொன்று சொல்வார்கள். டாக்டர் நிற்காத ஊர் என்று எங்களுக்குப் பேர் கட்டிவிட்டார்கள். அதுதான், யார் வாயிலிருந்தோ கேட்பதற்கு நானே சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நாங்கள் டாக்டரை விரட்டுகிற ஊர் இல்லைங்கக்கா. தாங்குகிற ஊர்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். என் மகள் கோகிலவாணிக்கு இது ஏழாம் மாதம். டாக்டருடைய அம்மா இந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்று அவளுக்கு இப்போதே போனில் சொல்லிவிட்டேன். உள்ளூரிலேயே, பக்கத்துத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, நர்ஸம்மா மட்டும்தான். பார்த்துவிட்டு, "பிரஷர் கண்டமேனிக்கு ஏறிக் கெடக்குதுங், கீழ கூட்டிட்டுப் போயிருங்" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றினோம். நடுக்காட்டில் யானைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. கன்றுக்குட்டியோடு வந்த கூட்டம். ஹாரன் அடிக்கவும் முடியாது, வண்டியைத் திருப்பவும் முடியாது. உள்ளே என் மகளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டு போகிறது. யானைகள் அவசரமே இல்லாமல், குட்டியை நடுவில் விட்டு, பத்திரமாக ரோட்டைத் தாண்டிப் போயின. எங்கள் குட்டி போய்விட்டது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மேலேயே ஒரு டாக்டர் பார்த்து ஊசி போட்டு அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று. ஒரு டாக்டர். ஒரு ஊசி. அவ்வளவுதான். அதிலிருந்து டாக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

கீழேயே ஒரு வீடு பிடித்துத் தங்கலாமே என்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவள் பஸ் படியில் காலே வைக்க மாட்டேன் என்கிறாள். "அந்த ரோட்டுல என்னைய மறுபடி கொண்டு போகாதம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். என்ன செய்ய?

சரி, டாக்டர்கள் கதைக்கு வருகிறேன். முன்னால் ஒருத்தர் இருந்தார், தெற்கத்திக்காரர், சாது. அவருக்கு எங்கள் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஒரு குறையும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னலில் ஆட்கள் வந்து நின்று நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாராம். காட்டினார்கள்தான். வியாதிக்கு நேரம் காலம் தெரியுமா? ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மனுஷன் ஜன்னலைச் சாத்தினால் உள்ளே மயங்கிக் கிடக்கிறாரோ என்னவோ என்று நமக்குப் பதறாதா? மாற்றி மாற்றிப் போய்க் கதவைத் தட்டினோம். ஒரு நாள் லீவு என்று போனார், போனவர்தான். தண்ணிதான் காரணம்.

அடுத்து ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். நான்தான் ஆரத்தி எடுத்தேன். அவருடைய சம்சாரம் கையில் சின்னப் பையன். "கண்ணு, சாயங்காலமானா பையனை வெளிய விட்டுறாதீங், போன வாரம் இதே வாசல்ல இருந்துதான் சிறுத்தை நாயைத் தூக்கிட்டுப் போச்சு" என்று எச்சரிக்கையாகச் சொல்லிவைத்தேன். யாராவது சொல்ல வேண்டுமா இல்லையா? அந்த அம்மா குவார்ட்டர்ஸ் உள்ளேயே வரவில்லை. வந்த ஜீப்பிலேயே திரும்பிவிட்டார்கள். திடமில்லாத மனசு. அப்படிப்பட்டவர்கள் இருந்தும் என்ன பிரயோஜனம்.

அதற்கப்புறம் வந்ததுதான் எங்கள் டாக்டர் சங்கமித்ரா. சேலத்துப் பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றடித்தால் சாய்கிற மாதிரி உடம்பு. ஆனால் மனசு! என்ன நேரத்தில் கூப்பிட்டாலும் எழுந்து வரும். ஜீப் போகாத ஊருக்கெல்லாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும். கோகிலாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்தத் தடவை ஆரம்பத்துலேயே மாத்திரை போட்டுக்கலாம். வாராவாரம் நானே பிரஷர் பாக்கறேன். நான் இருக்கேன்ல, என்ன பயம்?" என்று சொன்னது. பிள்ளையே வேண்டாம் என்று கிடந்தவள் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே மறுபடி உண்டானாள்.

அந்தப் பிள்ளையை நாங்கள் தனியாக விட்டதே கிடையாது. வீட்டை விட்டு வந்து கிடக்கிறது, ஏங்கிப் போய்விடக் கூடாது இல்லையா? அதன் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பின்கதவுக்கு ஒரு சாவி நானே அடித்து வைத்துக்கொண்டேன். விடியக்காலையில் சத்தம் காட்டாமல் உள்ளே போய், பாலைக் காய்ச்சி வைத்து, கலைந்து கிடக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு வருவேன். முதல் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி அலறிவிட்டது. தூக்கக் கலக்கம். மறுநாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான் என் அண்ணன் மகன் பூபதியை விட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் யார் திறப்பது?

காதுகுத்து, சீர், வளைகாப்பு எதுவானாலும் டாக்டரம்மா வந்து உட்காராமல் பந்தி ஆரம்பிக்க மாட்டோம். ஒரு தடவை தலைவலி என்று சொல்லி அனுப்பியது. அதற்காக விட்டுவிட முடியுமா? இலை போட்டபடி காத்திருந்தோம். சோறு ஆறிப் போயிற்று, குழந்தைகள் அழுதன, நாங்கள் கை வைக்கவில்லை. கடைசியில் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. எந்த ஊரில் இப்படி ஒரு மரியாதை கிடைக்கும், சொல்லுங்க?

வார லீவுக்கு ஊருக்குக் கிளம்பினால் பஸ் ஸ்டாப்பில் கூட்டமே நிற்கும். வழியனுப்ப என்று அது நினைத்துக்கொள்ளும். நாங்கள் பார்ப்பது பையை. சின்னப் பை என்றால் திங்கட்கிழமை திரும்பிவிடும். பெரிய பை என்றால் மொத்தமாகக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு தடவை பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. எங்களுக்கு உயிரே இல்லை. போர்வையை வீட்டு மெஷினில் போட்டுத் துவைத்து எடுத்து வரவாம். "ஏனுங் டாக்டரம்மா, ஒரு போர்வையத் தொவைக்கக் கூட எங்களுக்குத் துப்பில்லியா?" என்று கேட்டுப் பையை வாங்கி வைத்துக்கொண்டோம். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியது. அன்றைக்குச் சிரித்தது.

ஆனால் எனக்கு வேறு ஒரு கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பெண் டாக்டர் என்றால் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால் புருஷன் எங்கேயோ அங்கே போய்விடும். அப்புறம் நம் கதி? கோகிலாவின் கதி? யோசித்துப் பார்த்தேன். உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்துவிட்டால்? அங்கேதான் நம் பூபதி ஞாபகத்துக்கு வந்தான். சொந்தமாக ஜேசிபி வைத்து ஓட்டுகிறான். பத்தாம் வகுப்பு பாஸாகவில்லை, அது ஒரு குறையா? குடி கிடையாது. டாக்டரைப் பைக்கில் வைத்து ஊர் ஊராகக் கூட்டிப் போகிறவனே அவன்தான்.

ஒரு நாள் பால் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டேன்.

"நம்ம பூபதியப் பத்தி என்ன நெனைக்கற அம்மணி?"

"ரொம்ப நல்லவரு. வண்டி பத்திரமா ஓட்டுவாரு."

வேறென்ன வேண்டும்? ஒரு பெண்பிள்ளை இதைவிட எப்படி வாய் திறந்து சொல்லும்? அன்றைக்கே நாலு பேர் காதில் போட்டு வைத்தேன். விஷயம் தெரிந்து பூபதி வீட்டுக்கே வந்துவிட்டான். "அத்தே, கால்ல வேணா விழறேன். அவங்க எங்க, நானெங்க? அவங்க காதுல விழுந்தா நான் தூக்கு மாட்டிக்கணும்" என்றான். "நீ பைக்கை மட்டும் ஓட்டுடா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன். கூச்ச சுபாவம்.

அப்புறம்தான் அந்தக் கார் வந்தது. பட்டுச் சேலை கட்டின அம்மா ஒருத்தி, கூட ரெண்டு ஆம்பளைகள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணி கேட்டார்கள். வியாதிக்காரர்கள் பட்டுக் கட்டிக்கொண்டு வருவார்களா? "இந்த டாக்டர் பொண்ணு எப்படிங்க, குணமெல்லாம்?" என்று இழுத்தபோதே தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று. உங்கள் பக்கமும் உண்டுதானே? பெண் பார்க்கும் முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தானே போவோம். கட்டிக்கொண்டு போய்விட்டால் கோகிலாவை யார் பார்ப்பது? ஆனால் நான் பொய் சொல்லவில்லைங்கக்கா. நல்லதுதான் சொன்னேன்.

தங்கமான பொண்ணு என்று சொன்னேன். ராத்திரி எந்நேரம் யார் கூப்பிட்டாலும் பைக்கில் ஏறிப் போய்விடும், ஆம்பளை பொம்பளை என்று பார்க்காது என்று சொன்னேன். உண்மைதானே? வீட்டில் அடுப்பே பற்ற வைக்காது, எந்த வீட்டில் சோறு போட்டாலும் உட்கார்ந்து சாப்பிடும் என்று சொன்னேன். உண்மைதானே? இந்த ஊரை விட்டு எங்கேயும் வராது, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறது என்றேன். சத்தியம் என்றால், "போக மாட்டியே கண்ணு?" என்று நான் கேட்டதற்கு, "பாக்கலாம்க்கா" என்று சொல்லியிருந்தது. ஒன்றுதானே?

அந்த அம்மா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பைக்கில் யார் கூடப் போகும் என்று கேட்டாள். "எங்க அண்ணன் மகன்தாங், அவனுக்குத்தான் முடிச்ச மாதிரி" என்றேன். எங்கள் மனசில் முடித்துதானே வைத்திருந்தோம்? கொடுத்த தண்ணியைக்கூட அவர்கள் முழுதாகக் குடிக்கவில்லை. சொம்பை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் பால் கொண்டு போனேன். சங்கமித்ரா கட்டிலில் உட்கார்ந்திருந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"துளசிக்கா, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"தங்கம்னு சொன்னேன் கண்ணு. வேறென்ன சொல்லப் போறேன்?"

"பூபதி அண்ணனைப் பத்தி?"

அண்ணன் என்றது. ஒரு பழக்கத்துக்கு அப்படிக் கூப்பிடும். "ஊருல பேசிக்கறதுதான" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னது. "அவரு என்கூடப் படிச்சவரு. அவரும் டாக்டருதான். கல்யாணம் முடிச்சு ரெண்டு பேரும் இங்கேயே இருக்கலாம்னுதான் பேசி வெச்சிருந்தோம். அவங்க வீட்டுல இடம் எப்படின்னு பாக்கத்தான் வந்தாங்க."

ரெண்டு டாக்டர். எங்கள் ஊருக்கு. ஆனால் நீங்களே சொல்லுங்கக்கா, கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். கல்யாணம் ஆனதும் அந்தப் பட்டுச் சேலைக்காரி விட்டிருப்பாளா? முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாம் அவள் கண் பட்டதுதான். அவள் வந்து போன பிறகுதான் எல்லாம் கெட்டது.

அந்த வாரம் ஊருக்குக் கிளம்பியது. சின்னப் பைதான். கைப்பை மாதிரி. எல்லோரும் நிம்மதியாகக் கையசைத்தோம். திங்கட்கிழமை பஸ் வந்தது, பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் இறங்கினார். அடுத்த நாளும் போய் நின்றோம். நர்ஸம்மா குவார்ட்டர்ஸைத் திறந்து பார்த்தால் துணி, புத்தகம், குக்கர், போர்வை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அத்தனையையும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போய்விட்டது. கோகிலா எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பதை மட்டும் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

இப்போது கீழே எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். நான் போன் அடித்தால் எடுப்பதில்லை. கோகிலா அடித்தால் எடுக்கிறது. பிரஷர் என்ன, தலை வலிக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எத்தனை நாள் பால் காய்ச்சிக் கொடுத்திருப்பேன்.

போகட்டும். இனிமேல் நமக்கு உங்கள் மகள்தான். குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம், பின்கதவுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஏன், முகம் வெளுத்த மாதிரி இருக்கிறதே? வளைவு ஒத்துக்கொள்ளவில்லை. பழத்தை மோந்து பாருங்க. ஆமாம், வைஷாலிக்குக் கல்யாணம் பேசிவிட்டீர்களா? இன்னும் இல்லையா? அது நல்லது, அவசரப்படாதீங்க. பூபதிக்கும் இன்னும் ஆகவில்லை. ஐயோ, சும்மா சிரிப்புக்குச் சொன்னேங்கக்கா.

இதோ செக்போஸ்ட் வந்துவிட்டது. இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். இதற்கு மேலே ரோடு குறுகல், எதிரே வருகிற பஸ் வந்து சேர்ந்த பிறகுதான் நம் வண்டியை விடுவார்கள். இறங்கி டீ குடிக்கலாம். நீங்கள் போங்க, நான் சீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பையை ஏன் எடுக்கிறீங்க? வைத்துவிட்டுப் போங்க, எங்கள் ஊர் வண்டியில் யாரும் தொட மாட்டார்கள்.

அக்கா, டீக்கடை இந்தப் பக்கம்.

அக்கா! அது நம்ம பஸ் இல்லைங், அது கீழ போறது! ஏனுங்கக்கா... தம்பி, கண்டக்டர் தம்பி, அந்த அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க, வண்டி மாறி ஏறறாங்க. என்னது? டிக்கெட் கேட்டு வாங்கிட்டாங்களா? அக்கா, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? வந்து என் பிள்ளைய ஒரு தடவை பாத்துட்டாவது போங்க. ஒரு மூணு மாசம்... உங்க மக மூணு மாசம் இருந்தாப் போதுங்க. சாவியக்கூட உங்க கையில குடுத்துடறேன். அக்கா!

போய்விட்டது. பஸ் போய்விட்டது தம்பி.

இரு, போன் அடிக்கிறது.

ஹலோ... சொல்லு கோகிலா. செக்போஸ்ட்டுலதான் நிக்குது வண்டி. எங்க இருக்கற நீ? பஸ் ஸ்டாப்புலயா? ஆரத்தித் தாம்பாளம் வேற எடுத்துட்டு வந்துட்டியா? யாரு உன்னைய வெயில்ல வந்து நிக்கச் சொன்னது? ... இல்ல கண்ணு, கூட வரல. அவங்களுக்கு... அவங்களுக்கு ரோடு ஒத்துக்கல. இறங்கிட்டாங்க. அழுவாத. அழுதா பிரஷர் ஏறும், அழுவாத. தலை வலிக்குதா? நெஜமாச் சொல்லு. எப்ப இருந்து?

நடந்து போகாத. அங்கயே நெழல்ல உக்காரு. பூபதிய வரச் சொல்றேன். நர்ஸம்மாகிட்டப் போலாம். வேற யாருகிட்டப் போறது சாமி, நர்ஸம்மாகிட்டத்தான் போகணும்.